ஜெர்மனியில் எம்.எஸ்: ஸ்காலர்ஷிப் எப்போது வரும்? அதுவரை கையில் எவ்வளவு இருக்கணும்? முழு விவரம்

'ஜெர்மனியில ஃபீஸே கிடையாதாமே!' வெளிநாட்டு மேற்படிப்பு பற்றிப் பேச்சு எடுத்தாலே வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை இது உண்மைதான். ஆனால் கல்விக் கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று அர்த்தம் இல்லை.

ஸ்காலர்ஷிப் விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. 'மாசம் எவ்வளவு தருவாங்க?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். 'எந்தத் தேதியில தருவாங்க?' என்று யாரும் கேட்பதில்லை. பல குடும்பங்கள் கடனில் சிக்குவது இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடுவதால்தான். ஏனென்றால் பெரிய செலவுகள் எல்லாம் ஸ்காலர்ஷிப் கைக்கு வருவதற்கு முன்பே வந்து நிற்கும்.

ஜெர்மனியில் முதுகலைப் படிப்புக்கு என்னென்ன ஸ்காலர்ஷிப் இருக்கிறது, எப்போது விண்ணப்பிக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் தேவைப்படும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்க, ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கணக்குப் போடும்போது அன்றைய மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்த ஸ்காலர்ஷிப் இருக்கு?

1. டிஏஏடி: ஜெர்மன் கல்விப் பரிமாற்ற சேவையின் சுருக்கப் பெயர் இது. இதன் 'எபோஸ்' திட்டம் வளர்ச்சி சார்ந்த குறிப்பிட்ட சில முதுகலைப் படிப்புகளுக்கானது. மாதம் 992 யூரோ, மருத்துவக் காப்பீடு, பயணப்படி கிடைக்கும். ஆனால் இது படிப்பை முடித்த உடனே போகிறவர்களுக்கு இல்லை. துறை சார்ந்த வேலையில் குறைந்தது 2 ஆண்டு அனுபவம் வேண்டும். பொதுவாக, கடைசியாக வாங்கிய பட்டம் 6 ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது.

2. எராஸ்மஸ் முண்டஸ்: ஐரோப்பிய ஒன்றியம் தருவது. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். கல்விக் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை. ஒரே நாட்டில் படிக்காமல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளின் பல்கலைக்கழகங்களில் படிக்க வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களும் உண்டு. வேலை அனுபவம் கட்டாயம் இல்லாத படிப்புகள் நிறைய இருப்பதால், கல்லூரி முடித்தவுடன் முயற்சி செய்ய ஏற்றது.

3. டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம்: மாதம் 300 யூரோ. பாதியை அரசும், மீதியைத் தனியார் நன்கொடையாளர்களும் தருகிறார்கள். விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்திலேயே கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே சேர்ந்த பிறகுதான் கிடைக்கும் என்பதால், விமானம் ஏறும்போது இதை நம்ப முடியாது.

4. அறக்கட்டளை உதவித்தொகைகள்: ஹைன்ரிஷ் பொல், ஃப்ரெட்ரிக் எபர்ட், கொன்ராட் அடனாவர் ஆகிய அறக்கட்டளைகள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் உதவுகின்றன. இங்கே மதிப்பெண் மட்டும் போதாது. சமூகப் பணியில் உங்கள் பங்கு என்ன என்று பார்ப்பார்கள். பொதுவாக ஜெர்மன் மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

5. நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்: மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் திட்டம். பட்டியல் சாதியினர், சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகிய பிரிவினருக்கானது. ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை தருகிறார்கள்.

6. தமிழ்நாடு அரசின் திட்டம்: ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கு 'அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம்' இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் தனியார் கடன் பக்கம் போவதற்கு முன்பு கண்டிப்பாக இதை விசாரித்துவிட வேண்டும்.

தேர்வானாலே பணம் வந்துடுமா?

வராது. இதற்குச் சமீபத்திய உதாரணமே இருக்கிறது. 2025-26-ம் ஆண்டு நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்புக்கு 106 பேர் தேர்வானார்கள். ஆனால் முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிக ஒப்புதல் கடிதம் கொடுக்கப்பட்டது. மீதி 66 பேருக்கு, நிதி இருப்பைப் பொறுத்துக் கடிதம் தரப்படும் என்று சொல்லப்பட்டது. கையில் பல்கலைக்கழக அட்மிஷன், தேர்வுப் பட்டியலில் பெயர் இரண்டும் இருந்தும் 66 பேர் காத்திருக்க வேண்டி வந்தது.

ஆகவே எந்த ஸ்காலர்ஷிப்பாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒப்புதல் கடிதம் எப்போது வரும்? முதல் தவணை எந்த மாதம்? அது இந்தியாவில் இருக்கும்போதே வருமா, அங்கே போய் வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகா?

எப்போ ஆரம்பிக்கணும்?

ஜெர்மனியில் பெரும்பாலான முதுகலைப் படிப்புகள் அக்டோபரில் தொடங்கும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் காலண்டர் இப்படி வரும்:

• முந்தைய ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை: டிஏஏடி எபோஸ் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கடைசித் தேதி இந்த மாதங்களில்தான். அதாவது வகுப்பு தொடங்க ஒரு வருடம் முன்பே.

• அக்டோபர் முதல் ஜனவரி வரை: எராஸ்மஸ் முண்டஸ் விண்ணப்பங்கள்.

• அதே நேரத்தில்: ஐஇஎல்டிஎஸ் தேர்வு, ஏபிஎஸ் சான்றிதழ். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்த்துத் தருவதுதான் ஏபிஎஸ். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் விசாவுக்கு இது கட்டாயம். கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். தள்ளிப்போடாதீர்கள்.

• மார்ச் முதல் ஜூலை வரை: பல்கலைக்கழக விண்ணப்பம். ஜூலை 15 பொதுவான கடைசி நாள். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச், மே மாதங்களிலேயே கதவை மூடிவிடும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன.

• அட்மிஷன் கடிதம் வந்ததும்: கல்விக்கடன், பிளாக்டு அக்கவுண்ட், விசா.

பலர் அட்மிஷன் கடிதம் வந்த பிறகுதான் ஸ்காலர்ஷிப் தேடத் தொடங்குகிறார்கள். இந்தக் காலண்டரைப் பார்த்தாலே தெரியும், அப்போது பெரிய ஸ்காலர்ஷிப்களின் கடைசித் தேதி எல்லாம் முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும்.

மோட்டிவேஷன் லெட்டரில் என்ன எழுதணும்?

'சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்' என்று தொடங்கும் கடிதங்கள் தேர்வுக் குழுவின் மேஜையில் குவிந்து கிடக்கும். அவர்கள் தேடுவது மூன்று விஷயம். இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்? இந்தப் படிப்பில் எந்தப் பாடம் உங்களுக்கு ஏன் தேவை? முடித்த பிறகு அதை எங்கே பயன்படுத்துவீர்கள்?

ஒரு மாநகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர் என்றால், குழாய்க் கசிவு பற்றி அவர் பார்த்த ஒரு பிரச்சனை, அதற்கு அவர் செய்து பார்த்த தீர்வு, அது எங்கே நின்றுபோனது என்று எழுதலாம். நீர் மேலாண்மைப் படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

பரிந்துரைக் கடிதத்தைப் பேராசிரியரிடம் கடைசி வாரத்தில் போய்க் கேட்காதீர்கள். உங்கள் சிவி, புராஜெக்ட் விவரம், கடைசித் தேதி மூன்றையும் சேர்த்து ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

முதல் கட்டச் செலவு: விமானம் ஏறும் வரை

• ஐஇஎல்டிஎஸ் தேர்வு: சுமார் 18,000 ரூபாய்
• ஏபிஎஸ் சான்றிதழ்: 18,000 ரூபாய்
• யூனி-அசிஸ்ட் இணையதளம் வழியாக 5 விண்ணப்பம்: முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. மொத்தம் 195 யூரோ, அதாவது 19,500 ரூபாய்
• விசா கட்டணம்: 75 யூரோ, அதாவது 7,500 ரூபாய்
• விமான டிக்கெட்: சுமார் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்

கூட்டினால் 1 லட்சத்து 23 ஆயிரம் ரூபாய். ஆனால் பெரிய தொகை இனிமேல்தான் இருக்கிறது.

பிளாக்டு அக்கவுண்ட் என்றால் என்ன?

ஒரு வருடம் அங்கே தங்கிச் சாப்பிட உங்களிடம் பணம் இருக்கிறது என்று விசாவுக்கு நிரூபிக்க வேண்டும். அதற்கான வழிதான் பிளாக்டு அக்கவுண்ட். 2024 செப்டம்பர் முதல் இதில் 11,904 யூரோ போட வேண்டும். நம் கணக்கில் 11 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். அவசரம் என்றாலும் மொத்தமாக எடுக்க முடியாது.

டிஏஏடி போன்ற அரசு நிதி ஸ்காலர்ஷிப் முழுத் தொகைக்குக் கிடைத்திருந்தால், அந்த ஒப்புதல் கடிதமே போதும். இந்தக் கணக்கு தேவையில்லை. ஸ்காலர்ஷிப் தொகை 992 யூரோவை விடக் குறைவாக இருந்தால் மீதியை நீங்கள் காட்ட வேண்டும்.

இங்கேதான் ஒரு ஆபத்து. 'பேங்க்ல காட்டுறதுக்கு மட்டும்தானே, நாங்க பணம் தர்றோம், போனதும் திருப்பிக் கொடுத்துடுங்க' என்று வட்டிக்குக் கொடுக்க ஆட்கள் வருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளாக்டு அக்கவுண்ட்டில் இருப்பது வெறுமனே காட்டுவதற்கான பணம் இல்லை. மாதா மாதம் வாடகையும் சாப்பாடும் அதிலிருந்துதான். வருகிற 992 யூரோவை ஊரில் இருக்கும் கடன்காரருக்கு அனுப்பிவிட்டால், அந்நிய ஊரில் முதல் மாதமே வேலை தேடி அலைய வேண்டியிருக்கும். படிப்பு பின்னால் போய்விடும்.

வங்கிக் கல்விக்கடனில் வாழ்க்கைச் செலவையும் சேர்க்கலாம். விண்ணப்பிக்கும்போதே பிளாக்டு அக்கவுண்ட் தொகையை மதிப்பீட்டில் எழுதி, முதல் தவணையிலேயே விடுவிக்கும்படி கேளுங்கள். பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும்.

சொந்தப் பணத்தை அனுப்புபவர்கள் கவனிக்க: ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு டிசிஎஸ் பிடிப்பார்கள். பிளாக்டு அக்கவுண்ட் தொகையே இந்த எல்லையைத் தாண்டுகிறது. பிடித்த வரியை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிசெய்துகொள்ளலாம். குறிப்பிட்ட நிதி நிறுவனங்களில் வாங்கிய கல்விக்கடன் மூலம் அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் கிடையாது.

இரண்டாம் கட்டம்: முதல் மாதம்தான் பெரிய சோதனை

நடுத்தர நகரம் ஒன்றில் மாதம் 400 யூரோ வாடகைக்கு ஓர் அறை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதச் செலவு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

• செமஸ்டர் பங்களிப்புத் தொகை: 300 யூரோ. பல இடங்களில் பஸ், ரயில் பயண அட்டையும் இதில் அடங்கும்
• வாடகை: 400
• அட்வான்ஸின் முதல் தவணை: 350
• மருத்துவக் காப்பீடு: 145
• சாப்பாடு: 220
• குடியிருப்பு அனுமதி அட்டை: 100
• வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம்: 18
• மெத்தை விரிப்பு, பாத்திரம், குளிர்ஜாக்கெட்: 150

மொத்தம் 1,683 யூரோ. பிளாக்டு அக்கவுண்ட்டில் இருந்து வருவதோ 992. சுமார் 690 யூரோ துண்டு விழுகிறது.

இந்த 992-உம் இறங்கிய அன்றே வராது. வீடு பிடித்து, இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவுசெய்து, உள்ளூர் வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் பணம் வரத் தொடங்கும். முகவரிப் பதிவுக்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். தற்காலிகமாக ஹாஸ்டலில் தங்கினால் அது கிடைக்காமல் போகலாம். இந்த இடைவெளிக்காக, பிளாக்டு அக்கவுண்ட் தவிர 1,500 முதல் 2,000 யூரோ வரை தனியாக வைத்திருப்பது பாதுகாப்பு.

அட்வான்ஸ் பற்றி ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் வீட்டு அட்வான்ஸ், ஹீட்டிங் போன்ற கூடுதல் செலவுகள் சேராத வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. மேலே உள்ள கணக்கில் மொத்த அட்வான்ஸையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் இன்னொரு 700 யூரோ சேரும்.

வீட்டை நேரில் பார்க்காமல், சாவி வாங்காமல் ஆன்லைனில் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைக்கும் மோசடிகளில் இது முக்கியமானது. பல்கலைக்கழக மாணவர் சேவை அமைப்பின் விடுதி அறைகள் மலிவானவை. வரிசை நீளம் என்பதால் அட்மிஷன் கடிதம் வந்த அன்றே பெயர் கொடுத்துவிடுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு ஸ்காலர்ஷிப்தான்

முதல் மாதம் தாண்டிய பிறகு, அதே நடுத்தர நகரில் மாதச் செலவு: வாடகை 400, காப்பீடு 145, சாப்பாடு 220, போன் 15, ஒளிபரப்புக் கட்டணம் 18, செமஸ்டர் தொகைக்கு ஒதுக்க 50, இதர செலவு 80. மொத்தம் 928 யூரோ. 992-க்குள் அடங்கிவிடுகிறது.

இதே மாணவர் மியூனிக்கில் இருந்தால் அறை வாடகையே 750 யூரோ ஆகலாம். மொத்தம் 1,278. மாதம் 286 யூரோ துண்டு. 24 மாதத்தில் 6,864 யூரோ, அதாவது 6 லட்சத்து 86 ஆயிரம் ரூபாய். இரண்டு ஊர்களின் வாடகை வித்தியாசம் மட்டும் 350 யூரோ. டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம் தருவதே 300 யூரோதான்! கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு ஜெர்மனி நகரங்களில் வாடகை இன்னும் குறைவு.

'ஃபீஸ் இல்லை' என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஸ்டட்கார்ட், ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூ ஆகிய நகரங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இந்தியர்கள் போன்ற ஐரோப்பிய ஒன்றியம் அல்லாத மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டர் முதல் புதிதாகச் சேரும் முதுகலை மாணவர்களிடம் பாடத்தைப் பொறுத்து செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணம் தனி. ஏஜென்ட் சொல்லும் கல்லூரி அரசுடையதா தனியாரா என்பதை முதலில் பாருங்கள்.

வயதும் கணக்கில் வரும். மாணவர்களுக்கான சலுகைக் காப்பீட்டுத் தொகை 30 வயது வரைதான். அதைத் தாண்டியவர்கள் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

பார்ட் டைம் வேலையை நம்பலாமா?

2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராகப் பார்க்கும் வேலை இந்தக் கணக்கில் வராது. குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 10 மணி நேரம் பார்த்தால் நான்கு வாரத்துக்கு 556 யூரோ.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு இந்த வரவைப் பூஜ்யம் என்றே எழுதுங்கள். ஜெர்மன் பேசத் தெரியாதவர்களுக்கு வேலை கிடைக்க இன்னும் தாமதம் ஆகலாம். இங்கிருந்தே ஏ2 அல்லது பி1 நிலை வரை ஜெர்மன் படித்துவிட்டுப் போனால் அந்தச் செலவு வீணாகாது.

மூன்றாம் கட்டம்: இரண்டாம் ஆண்டு

பலர் மறந்துபோவது இதைத்தான். எம்.எஸ் படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டு. பிளாக்டு அக்கவுண்ட் பணம் ஓர் ஆண்டுக்குத்தான். குடியிருப்பு அனுமதியை நீட்டிக்கும்போது அடுத்த காலத்துக்கான பணம் எங்கே என்று மறுபடியும் கேட்பார்கள். மீண்டும் பிளாக்டு அக்கவுண்ட், ஸ்காலர்ஷிப் கடிதம், வேலை ஒப்பந்தமும் சம்பள ரசீதும் என இதில் எதை ஏற்பார்கள் என்பதை அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கும்போதே இரண்டாம் ஆண்டையும் சேர்த்து ஒப்புதல் வாங்குவது நல்லது. தேவைப்படாவிட்டால் அந்தத் தவணையை எடுக்காமல் விட்டுவிடலாம். எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை. பாதிப் படிப்பில் இருக்கும்போது இங்கே அப்பா, அம்மா புதிதாக ஒரு கடனுக்கு அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு செக்லிஸ்ட்

• ஸ்காலர்ஷிப்பின் முதல் தவணைத் தேதி எழுத்துப்பூர்வமாகத் தெரியுமா?
• ஸ்காலர்ஷிப் வராமல் போனாலும் முதல் ஆண்டை ஓட்டப் பணம் இருக்கிறதா?
• பிளாக்டு அக்கவுண்ட் பணம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கைமாற்றா? அப்படியானால் நிறுத்துங்கள்
• முதல் மாதத்துக்குத் தனியாக 1,500 முதல் 2,000 யூரோ இருக்கிறதா?
• போகும் ஊரின் வாடகை நிலவரம் பார்த்தாச்சா?
• கல்லூரி அரசுடையதுதானா? அந்த மாநிலத்தில் கட்டணம் உண்டா?
• இரண்டாம் ஆண்டுக்கு என்ன வழி?

இதில் இரண்டு, மூன்று கேள்விக்கு 'இல்லை' என்ற பதில் வந்தால் கனவையே விட்டுவிட வேண்டும் என்று இல்லை. ஒரு வருடம் வேலைக்குப் போய், ஜெர்மன் படித்து, அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டு அனுபவம் சேர்ந்துவிட்டால் எபோஸ் கதவும் திறக்கும்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன ஸ்காலர்ஷிப்களுக்கு ஏஜென்ட் தேவையில்லை. யாராவது 'ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றேன், முன்பணம் கொடுங்க' என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தொகைகளும் தேதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் டிஏஏடி, பல்கலைக்கழகம், ஜெர்மன் தூதரகம் ஆகியவற்றின் அதிகாரப்பூர்வ இணையதளங்களில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.